சர்க்கரையில் செய்த ஃபோர்மேன்

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் முழுக்க செல்வமேரி மழையைத் திட்டிக்கொண்டிருந்தாள். மறைமலை நகரில் ஆபிரகாம் நடத்திய பேக்கரியில் பன்னுக்குத் தாள் சுற்றுவது அவள் வேலை. அந்த வாரம் மட்டும் அவளுக்கு வேறு வேலை. பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து கேக்குக்கு ஆர்டர் வந்திருந்தது. கேக்கின் மேல் அவர்களுடைய தொழிற்கூடமே நிற்க வேண்டும்: லேத் மிஷின், நீலச் சட்டைத் தொழிலாளிகள், மீசை வைத்த ஃபோர்மேன், எல்லாம் சர்க்கரையில். பார்த்துச் செய்ய ஒரு குரூப் போட்டோவும் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

பொடித்த சர்க்கரையில் பாதாம் பிசின் ஊறிய தண்ணீரை விட்டுப் பிசைந்தால் களிமண் போலப் பசை வரும். அதில் கை, கால், தொப்பி என்று எதையும் உருட்டலாம். காய்ந்துவிட்டால் கல்லாக நிற்கும். ஆனால் காய வேண்டுமே. காலையில் நிமிர்ந்து நின்ற தொழிலாளி மதியம் கூன் போட்டான். ஃபோர்மேனின் மீசை தாடையில் வழிந்தது. செய்தாள், கசக்கினாள், மறுபடி செய்தாள். கடைசியில் தட்டை ரொட்டி அடுப்பின் மேல் ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஆபிரகாம் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இன்னும் பொம்மை வெச்சே விளையாடிக்கினு இருக்கியா?"

"நீங்களே ஒண்ணு நிக்க வெச்சிக் காட்டுங்க சார், பாக்கலாம்."

"கோவப்படாதே. டைரக்டர் மெட்ராஸ்லேர்ந்து வர்றாரு. 'இதை யாரு செஞ்சது'ன்னு அவர் வாயால ஒரு வார்த்தை கேட்டாப் போதும், உனக்குத் தனி மேசை. இனிமே கேக்கு வேலை மட்டுந்தான். இல்லன்னா மெட்ராஸ் மாஸ்டர் ஒருத்தர்கிட்ட பேசி வெச்சிருக்கேன். நீ பன்னு சுத்தப் போயிடு."

செங்கல்பட்டில் கன்னியாஸ்திரீகளின் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில், கிறிஸ்துமஸ் கேக்கின் மேல் ஆடும் மாடும் செய்யப் பழகியவள் செல்வமேரி. கல்யாணமாகி இங்கே வந்து ஆறு வருஷமாகத் தாள்தான் சுற்றுகிறாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஃபோர்மேனின் சட்டைப் பையில் பேனாகூட வைத்தாள்.

பூஜையன்று காலை கேக்கோடு செல்வமேரி கம்பெனிக்குள் போனதும் கூட்டம் மொய்த்தது.

"டேய் ராஜாமணி, உன் தொப்பைடா!"

"யக்கா, இது அநியாயம். எனக்கு இவ்ளோ தொப்பை கீதா?" என்றான் ராஜாமணி. லேத் ஓட்டுகிறவன்.

"சர்க்கரை பத்தல, கொஞ்சம் கம்மியாத்தான் வெச்சேன்" என்றாள் செல்வமேரி. அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அதற்குள் ஃபோர்மேன் தேவநாதன் சந்தனமும் குங்குமமுமாக வந்தார். பூஜைப் பொறுப்பு அவருடையது. ஒவ்வொரு மிஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், சர்க்கரை லேத்துக்கும் வைத்தார்.

"ஐயோ, அது சர்க்கரைங்க!"

"இருக்கட்டுமே. மிஷினு மிஷின்தான். இதை மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்?" சர்க்கரையில் நின்ற தன் நெற்றிக்கும் தொழிலாளிகளின் நெற்றிக்கும் பொட்டு வைத்துவிட்டு, கேக்கைத் தூக்கி சாமி படத்துக்குக் கீழே படியில் வைத்தார். ஈரக் குங்குமம் நீலச் சட்டைகளில் இறங்கியது. செல்வமேரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சொன்ன நேரத்துக்கு டைரக்டர் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுக் கற்பூரம் காட்டி பூஜையை முடித்தார்கள். அதன் பிறகுதான் வாசலில் காரின் சத்தம். டைரக்டர் கையில் கொடுக்க செல்வமேரி கேக் கத்தியைத் தேடினாள். ஸ்பேனர், சுத்தியலோடு சேர்ந்து, அதுவும் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் கிடந்தது.

"அத்த எடுக்காதேம்மா!" தேவநாதன் குறுக்கே வந்தார். "பூஜையில வெச்சத நாளைக்குத்தான் தொடணும்."

"வேற கத்தி?"

"கேன்டீன் கத்தியும் இங்கதான் கீது. எல்லாத்துக்கும் ஆயுத பூஜைதானே?"

அவள் பர்சனல் ஆபீசர் வரதராஜுலுவிடம் ஓடினாள். அவர் சுற்றி நின்ற தொழிலாளிகளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "நாளைக்கு வெட்டிக்கலாம்மா. இப்பப் பிரச்சினை வேணாம்."

"நாளைக்கு டைரக்டர் வருவாரா சார்?"

அதற்குள் டைரக்டர் உள்ளே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார், படியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பேஷ்! கொலு வேற வெச்சிருக்கீங்களா? பொம்மையெல்லாம் பிரமாதம். பண்ருட்டி பொம்மையா?"

வெட்ட முடியாத கேக்கைக் கேக் என்று சொல்லி, ஏன் வெட்டவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருக்க வரதராஜுலுவுக்குத் தைரியம் வரவில்லை. "ஆமாம் சார்" என்றார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து, "கேக்குங்க! அது கேக்குங்க!" என்று செல்வமேரி கத்தினாள். அதே நேரம் வாசலில் பூசணிக்காய் உடைந்தது. கைதட்டலும் கம்பெனிச் சங்கின் அலறலும் அவள் குரலை விழுங்கிவிட்டன. டைரக்டர் பொரிப் பொட்டலத்தோடு காரில் ஏறினார்.

"பெரியவர் இன்னா சொன்னாரு?" என்று பேக்கரியில் ஆபிரகாம் கேட்டார்.

"பொம்மை நல்லாருக்காம். எந்த ஊர்ல வாங்கினதுன்னு கேட்டாரு."

மறுநாள் வெட்டியபோது கேக்கில் பாதி எறும்பு. பொம்மைகளை யாரும் வாயில் வைக்கவில்லை. அவனவன் தன் பொம்மையைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். பொட்டு வைத்த மிஷினைத் தின்பதா என்று லேத்தை அப்படியே கிணற்றில் போட்டார்கள்.

அடுத்த மாதம் மெட்ராஸ் மாஸ்டர் யாக்கோபு வந்தார். எந்த விசேஷத்துக்கும் க்ரீமைப் பிழிந்து ரோஜாப்பூ வைத்தார். செல்வமேரி பன்னுக்குத் தாள் சுற்றினாள்.

ஒருநாள் ராஜாமணி கடைக்கு வந்தான். "யக்கா, என் பொண்ணுக்குப் பொறந்த நாள். கேக்கு மேல அவளை மாதிரியே ஒண்ணு செஞ்சி குடேன். நீ செஞ்ச என் பொம்மை இன்னும் ஷோகேஸ்ல கீது, தெரியுமா? எதிர்ல உக்காந்துகினு பாத்துக்கினே இருக்கா."

செல்வமேரி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"செஞ்சி குடுத்தா இன்னா பண்ணுவீங்க? துன்னுவீங்களா, கும்புடுவீங்களா? அத்த மொதல்ல சொல்லு."

ராஜாமணி யோசித்துக்கொண்டு நின்றான். அவள் அடுத்த பன்னை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.