மூன்றாம் மாதம் கெட்டுப்போன இங்கிலீஷ்

"ஜீனத்தை கன்ஃபர்ம் பண்ணலாமா, வேணாமா? சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க" என்று மேனேஜர் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது.

தாம்பரம் சானடோரியம் பக்கம் எங்கள் ஆபீஸ். ஆன்லைன் கடைகள் வந்த புதிது. வெளிநாட்டுக் கடை ஒன்றுக்கு வரும் புகார்களுக்கு இங்கிருந்து இங்கிலீஷில் மெயில் எழுதுவோம். நான் ட்ரெயினர். எழுதக் கற்றுக்கொடுப்பதும் தப்புக்கு மார்க் குறைப்பதும் என் வேலை. ஜீனத் பல்லாவரத்துக்காரர், என்னைவிட மூத்தவர். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். வேலைக்குத் தேறுவாரா என்று பார்க்கும் மூன்று மாத ப்ரொபேஷன் அந்த வாரம் முடிகிறது.

முதல் மாதம் அவர் மெயிலில் ஒரு தப்புக்கூடக் கிடையாது. நான் கொடுத்த ஃப்ரேஸ் ஷீட்டில் 'தேங்க் யூ ஃபார் யுவர் பேஷன்ஸ்', 'வீ ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்' என்று ரெடிமேட் வரிகள் இருக்கும். மனுஷி அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டார். "அவங்களைப் பாத்துக் கத்துக்கங்கப்பா" என்று மேனேஜர் மற்றவர்களைத் திட்டினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் மாதம் எல்லாம் கெட்டது. பாதி வரி ஷீட்டிலிருந்து, மீதி சொந்தச் சரக்கு, இரண்டும் ஒட்டவே ஒட்டாது. படிக்கப் படிக்க ஏறுமா, இறங்குமா? கற்றுக்கொடுத்த நானே கெடுத்துவிட்டேனா? ஒரு எழவும் புரியவில்லை.

அவரை கேன்டீனுக்குக் கூப்பிட்டேன். "என்னக்கா ஆச்சு? நல்லாத்தானே எழுதிட்டிருந்தீங்க?"

"ஒரு பெரியவரு மேடம். பேரன் பொறந்தநாளுக்கு வாங்குன சைக்கிள் வரலன்னு கண்டபடி திட்டி எழுதியிருந்தாரு. அவருகிட்ட போயி உங்க பொறுமைக்கு நன்றின்னா எப்படி? அதான் ஷீட்லேர்ந்து தேங்க் யூவை மட்டும் எடுத்துகினு, மிச்சத்தை நானே எழுதுனேன். தப்பா வந்துடுச்சா?"

தப்பாகத்தான் வந்திருந்தது. ஆனால் அந்தப் பெரியவர் பதில் போட்டிருந்தார்: எழுதியது ஒரு மனுஷர் என்று தெரிகிறது, காத்திருக்கிறேன் என்று. முதல் மாதத்துச் சுத்தமான மெயில்களைத் தேடிப் பார்த்தேன். அவற்றைப் படித்த பலர் முன்னைவிடக் கோபமாகத் திரும்ப எழுதியிருந்தார்கள்.

மேனேஜரிடம் ஓடினேன். "சார், மொதல்ல இவங்க ஷீட்ல இருந்ததை அப்படியே எடுத்து வெச்சாங்க. இப்பதான் பிரிச்சுப் பாத்து எழுதுறாங்க. கொஞ்ச நாள் கோணலாத்தான் வரும்."

"அதெல்லாம் சரிம்மா. க்ளையன்ட் மார்க்கைத்தான் பாப்பான். இன்னும் ரெண்டு மாசம் தர்றேன். தப்பு நிக்கலன்னா அனுப்பிடலாம்."

இந்த இரண்டு மாதக் கெடுவை நான் சொன்ன மறுநாளே ஜீனத் பழையபடி ஷீட்டுக்குத் திரும்பிவிட்டார். வரிக்கு வரி மனப்பாடம். எனக்கு ஆத்திரமாக வந்தது. "நீங்களா எழுதுனதுதான்க்கா நல்லா இருந்துச்சு. கொஞ்சம் பொறுத்தா தன்னால சரியாவும்."

"பொறுக்கிற வரைக்கும் வேலை இருக்கணுமே மேடம்" என்றார்.

இரண்டு மாதத்தில் வேலை நிரந்தரமானது. ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன். அங்கே நான் இருந்தவரை அவர் சொந்தமாக ஒரு வரியும் எழுதவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் ட்ரெயினர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் மாதம் தப்பே இல்லை என்றால் துள்ளிக் குதிக்காதீர்கள். மூன்றாம் மாதம் தப்பு வந்தால் கை வைக்காதீர்கள், ஆள் சொந்தமாக எழுத ஆரம்பித்திருக்கிறார். இதை மார்க்கை மட்டும் பார்க்கும் மேனேஜருக்கு எப்படிப் புரியவைப்பது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை.