ஏழாம் கேள்வியின் விடை

கல்லூரியில் அவருக்குப் பெயர் அரைமார்க்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. முதலாம் ஆண்டில் சேருகிற அத்தனை பேரின் ஆங்கில வாசிப்பையும் எழுத்தையும் சோதித்துத் தரம் பிரிக்கிற வேலை இருபத்திரண்டு வருடமாக அவருடையது. நாற்பதுக்கு இருபது எடுத்தால் பிழைத்தார்கள். ஒன்று குறைந்தாலும் ஒரு வருடம் முழுக்க, தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை அடிப்படை வகுப்பில் உட்கார வேண்டும். அரை மார்க்குக்காக அரை மணி நேரம் யோசிக்கிற ஆள் நான் என்று அவர் பீற்றிக்கொள்வார். யோசித்து முடித்ததும் அதைக் குறைத்துவிடுவார் என்பது மாணவர்கள் சேர்த்துக்கொண்ட பின்குறிப்பு.

திருத்துவது அவருக்குத் தொழில் என்பதைவிட வியாதி என்று சொல்லலாம். மருந்துச் சீட்டைத் திருத்துவார், சாப்பாட்டுக் கடையின் விலைப்பட்டியலைத் திருத்துவார். ஒருமுறை அவர் மனைவி, ‘சாவி பக்கத்து வீட்டில், அவர்கள் ஐந்தே முக்காலுக்கு வெளியே போகிறார்கள்’ என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டு வாக்கியமாக எழுதியிருக்க வேண்டாமோ என்று அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோதே பக்கத்து வீட்டார் அவரைத் தாண்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். மனைவி வரும்வரை இரண்டு மணி நேரம் வாசலில் குந்தியிருந்தார்.

“எழுதினதைப் படிங்கன்னா, எழுதினவளோட தப்பைப் படிக்கிறீங்க” என்றாள் அவள்.

நல்ல கச்சிதமான வாக்கியம் என்று மனத்துக்குள் பத்துக்கு எட்டு போட்டார். அது தன்னைப் பற்றியது என்று உறைக்க வெகுநாள் ஆனது. இதையெல்லாம் அவரே பிற்பாடு சொல்லிச் சிரிப்பார், அதனால் நாமும் சிரிக்கலாம்.

தேர்வின் முதல் பாதி வாசிப்பு. ஒரு பக்கக் கதை, அதன் கீழே பத்துக் கேள்விகள். பதினோரு வருடத்துக்கு முன்பு, அச்சுக்குப் போகிற அன்று காலையில், வழக்கமான கதை ஏதோ வழிகாட்டிப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் புதிது வேண்டும் என்றார்கள். அவர் உட்கார்ந்து தானே ஒன்றை எழுதினார். கீழே ‘ஒரு பழைய இதழிலிருந்து’ என்று போட்டுவிட்டார். அது தன்னடக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டார். தேர்வு முடிந்ததும் வினாத்தாளைத் திரும்ப வாங்கிவிடுவது வழக்கம். அதனால் அந்தக் கதையே வருடா வருடம் வந்துகொண்டிருந்தது.

கதை இதுதான். ஒரு பையன் தினமும் மதியம் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோகிறான். லிஃப்டில் ஏறி லிஃப்ட்காரரிடம் கொடுக்கிறான். மழை நாளில் அவர் தன் துண்டால் அவன் தலையைத் துவட்டிவிடுகிறார். ஒருநாள் அவனுடைய வகுப்புத் தோழர்கள் மூன்று பேர் லிஃப்டுக்காக நிற்கிறார்கள், எட்டாம் மாடியில் அவர்களுக்கு ஆங்கில டியூஷன். பையன் அவர்களிடம், எனக்குப் படியேறுவதுதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் படியில் ஓடுகிறான். ஆறாம் மாடியில் லிஃப்ட் வாசலருகே டப்பாவை வைத்துவிட்டு இறங்கிப் போகிறான். அவ்வளவுதான். ஏழாம் கேள்வி: பையன் ஏன் படியில் ஏறினான்? விடைக்குறிப்பில் அவர் எழுதி வைத்தது: ‘அவன் சுறுசுறுப்பானவன், படியேறுவது அவனுக்குப் பிடிக்கும்.’ வேறு எதை எழுதினாலும் முட்டை.

இந்த வருடம் ஒரு பெண் பத்தொன்பது எடுத்திருந்தாள். விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்று மனு கொடுத்துவிட்டு அவருடைய அறைக்கு வந்தாள். பல் டாக்டர் க்ளினிக்கின் பெயர் போட்ட நீலச் சட்டை. பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“சார், சாயங்காலம் நாலரையிலேர்ந்து எட்டரை வரைக்கும் க்ளினிக்ல டோக்கன் குடுக்கற வேலை. அடிப்படை வகுப்புக்கு வந்தா வேலை போயிடும். வேலை போனா படிப்பை நிறுத்தச் சொல்லிடுவாங்க வீட்டுல. ஏழாவதுக்கு மட்டும் ஏன் மார்க்கு இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா போதும்.”

ஏழாவதுக்கு அவள் மூன்று குட்டி வாக்கியம் எழுதியிருந்தாள். லிஃப்ட்காரர் அவன் அப்பா. நண்பர்களுக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு வெட்கம். மூன்று வாக்கியத்தில் நான்கு பிழை.

“கதையில அப்பாங்கிற வார்த்தை எங்கேம்மா இருக்கு?” என்றார். இல்லை என்பது அவருக்கு நிச்சயம். அந்த வார்த்தை வந்துவிடாமல் எழுதத்தான் அன்று இரண்டு மணி நேரம் பிடித்தது.

“இல்ல சார். ஆனா வேற யாரு தலையைத் துவட்டிவிடுவாங்க?”

“படியேறப் பிடிக்கும்னு பையனே சொல்றானே?”

“அவன் அப்படிச் சொன்னான் சார். ஏன் அப்படிச் சொன்னான்ங்கிறதுதானே கேள்வி?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் முழித்தாள். “படிச்சாலே தெரியுதே சார்.”

வாசிப்பைச் சோதிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர் அந்த மூன்று வாக்கியத்தையும் மறுபடி ஒருமுறை படித்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கதையில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. பையன் அவர்தான், லிஃப்ட்காரர் அவர் அப்பா. தன் வாழ்க்கையில் நடந்ததைத் தானே எழுதி, தானே கேள்வி கேட்டு, தானே தப்பு விடை எழுதி, சரியாகச் சொன்னவர்களுக்கெல்லாம் பதினோரு வருடமாகச் சுழித்துச் சுழித்து முட்டை போட்டிருக்கிறார். இப்படி ஒரு மேதாவியை வேறு எந்தக் கல்லூரி வேலைக்கு வைத்துக்கொள்ளும்? அவருக்கு வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வயதில் பட்ட வெட்கத்தைவிட இது மோசமாக இருந்தது. காலையில் எழுந்து, விடைக்குறிப்பில் பிழை என்று தன் மேலேயே புகார் எழுதிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை மதியம் துறைத் தலைவியின் அறையில் விசாரணை. துறைத் தலைவியும் தேர்வுப் பிரிவு அதிகாரியும் ஒருபக்கம், அவர் எதிர்ப்பக்கம். அதிகாரியை எல்லாரும் சட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெண் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

“கதையில இல்லாததை எழுதினா மார்க்கு கிடையாது. விதி நாலு” என்றார் சட்டம். “அந்த விதியை எழுதினது யாருன்னு நான் சொல்லணுமா?”

“நான்தான்” என்றார் அரைமார்க்கு.

“ஆன்சர் கீயை மாத்தினா முன்னூத்திப் பன்னண்டு பேப்பரையும் மறுபடி திருத்தணும். யாரு திருத்தறது?”

“அதுவும் நான்தான்.”

“சரி, கீ தப்புன்னு எப்படிச் சொல்றீங்க? கதையை எழுதினவரைக் கேட்டீங்களா?”

அவர் தண்ணீர் குடித்தார். “எழுதினதும் நான்தான் சார்.”

“பழைய இதழ்னு போட்டிருக்கே?”

“பொய். அந்தப் பையனும் நான்தான். லிஃப்ட்காரர் எங்கப்பா.”

துறைத் தலைவி பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ ஏன் படியில ஏறினீங்கன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?”

“தெரியும் மேடம். அதனாலதான் கீயை அப்படிப் போட்டேன்.”

சட்டம் ஃபைலைத் தட்டினார். “மனசு கேக்காம, பொண்ணுக்கு ஒரு மார்க்கு குடுக்கறதுக்காக இப்ப நீங்க ஒரு கதை விடலாமில்ல? ஃபைல்ல வைக்க எனக்கு ஆதாரம் வேணும்.”

“நாப்பது வருஷத்துக்கு முந்தி வெக்கப்பட்டதுக்கு எந்த ஆபீஸ்ல சார் சர்ட்டிபிகேட் குடுப்பாங்க?”

“அப்பா இருக்காரா?” என்றார் துறைத் தலைவி.

“அண்ணன் வீட்டுல இருக்கார்.”

“கூப்பிடுங்க.”

ஸ்பீக்கரில் போட்டுப் போனை மேசை நடுவில் வைத்தார்கள். “என்னப்பா இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?” என்று அப்பாவின் குரல் வந்தது. ஒன்றுமில்லை, கல்லூரியிலிருந்து ஒரு சின்ன விஷயம் கேட்கிறார்கள் என்றார் இவர். சட்டம் முன்னால் குனிந்து, பையன் ஒருநாள் லிஃப்டில் வராமல் படியேறிச் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

“இருக்கு சார்.” யோசிக்கவே இல்லை.

“ஏன் படியில ஏறினாருன்னு தெரியுமா?”

இந்தப் பதிலுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. “அவன் சின்னதுல ரொம்பச் சுறுசுறுப்பு சார். படியேறுறதுன்னா அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.”

சட்டம் இரண்டு கையையும் விரித்தார். விடைக்குறிப்பைப் பார்க்காமலே அப்பா அதை அப்படியே ஒப்பித்துவிட்டார், பதினோரு வருடத்தில் அதற்கு முழு மார்க்கு வாங்கிய எவரும் அத்தனை கச்சிதமாகச் சொன்னதில்லை. வெளியே பெஞ்ச் நகர்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் வேலையும் படிப்பும் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது அவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

“அப்பா, அது இல்லப்பா” என்றார். “நிஜத்தைச் சொல்லுங்க.”

“உன் பக்கத்துல யாரு இருக்கா?”

“என் மேலதிகாரிங்க.”

“அதான் அப்படிச் சொன்னேன்.”

“பரவால்லப்பா, நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்க லிஃப்ட் ஓட்டினதையும் சொல்லிட்டேன். ஒரு பொண்ணு சரியா எழுதியிருக்கா, நான் தப்புன்னு போட்டுட்டேன். நீங்க சொன்னாத்தான் அவளுக்கு மார்க்கு.”

அப்பா இப்போது மற்றவர்களிடம் பேசினார். “அப்படின்னா அந்தப் பொண்ணுக்குப் போட்டுடுங்க சார். வெக்கந்தான். சட்டையைப் பாத்ததுமே இவன் பள்ளிக்கூடத்துப் பசங்கன்னு எனக்கும் புரிஞ்சுது, இவன் படியில ஓடினதையும் பாத்தேன். ஆறாவது மாடியில கதவைத் திறந்தா டப்பா இருக்கு. லிஃப்டுக்குள்ள இருந்த அந்தப் பசங்கள்ல ஒருத்தன், உங்க பையனா கொண்டுவந்து வெச்சான்னு கேட்டான். எனக்குப் பிள்ளைங்களே கிடையாது தம்பின்னு சொல்லிட்டேன். அவ்வளவு தூரம் மூச்சு வாங்க ஏறியிருக்கான், அது வீணாப் போயிடக் கூடாதில்லையா?”

சட்டம் விடைத்தாளை இழுத்து, முட்டையை அடித்து ஒன்று போட்டார். கூட்டலை மாற்றி, இருபது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். துறைத் தலைவி அந்தப் பெண்ணிடம் சொல்ல எழுந்து வெளியே போனார்.

“மார்க்கு போட்டாச்சா?” என்றார் அப்பா.

“போட்டாச்சுப்பா.”

“நல்லாப் படிக்கிற பொண்ணு. பாத்துக்கோ.”

அவர் போனைக் கையில் எடுத்து ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைத்துக்கொண்டார். “அப்பா” என்றார். மேற்கொண்டு எந்த மொழியிலும் அவருக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.