பாக்கியம் அத்தை சொன்ன சாட்சி

மீஞ்சூரில் வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். வண்டி அனுப்பம்பட்டில் நின்றபோது அம்மா கைப்பேசியில் கூப்பிட்டார். "பாக்கியம் பூட்டாடி. நீ நேரா சாவு வூட்டுக்கே வந்துடு, அப்பறமா குளிச்சுக்கலாம்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் யாருக்கு என்ன என்று விசாரித்தார். அடுத்த வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்றேன். அவர் உச்சுக்கொட்டினார். எனக்கு அது வரவில்லை. பொன்னேரியில் இறங்கிப் பேருந்துக்கு மாறி, திருப்பாலைவனம் தாண்டும் வரைக்கும் என் மனதில் இருந்தது நிம்மதிதான். இனி நான் துணி காயப்போடும்போது யாரும் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து திட்டமாட்டார்கள்.

பதினாறாம் நாளுக்காக இறால் விற்கும் பெண்கள் அச்சிடும் இந்தத் தாளில் எழுதச் சொல்லி என்னைக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், அதனால் கேட்டார்கள். பாக்கியம் அத்தைக்கும் எனக்கும் என்ன இருந்தது என்பது இதைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே கேட்டதால் இருந்ததை எழுதுகிறேன்.

ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் கரையேறும் இடத்தில்தான் அத்தை நிற்பார், ஏலத்துக்கு இறால் வாங்க. என் அம்மாவும் அவர்களில் ஒருவர். அம்மாவின் பறிக்கூடையைக் கவிழ்த்து, பொடி இறாலை எல்லாம் ஒரு விரலால் ஒதுக்கி, "இத்த உன் மருமவனுக்கு வறுத்துப் போடு" என்பார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அத்தைக்கு அது நன்றாகத் தெரியும்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் எட்டாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நான் நாயைக் கூட்டி வந்தேன்.

டச்சுக்காரர் கல்லறைக்கு எலும்புக்கூடு செதுக்கிய வாசல் ஒன்று இருக்கிறதல்லவா, அதன் நிழலில் அது படுத்துக் கிடந்தது. கழுத்தில் அறுந்த கயிறு. பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் வழியில் தினமும் அதற்கு ஒரு பிஸ்கட் போடுவேன். ஒரு நாள் அது என் பின்னாலேயே வந்துவிட்டது. வாசலில் இறால் கழுவிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடி இது? கல்லறையில இருந்து டச்சுக்காரன இட்டாந்துட்டியா?"

யார் என்ன கேட்டாலும் அப்போதெல்லாம் எனக்குப் பேச்சு வராது. அத்தை இறால் கழுவிய தண்ணீரை அப்படியே நாயின் மேல் ஊற்றினார். நாய் தன் உடம்பை நக்கி நக்கி ருசித்தது. அதைப் பார்த்து அத்தைக்கு இன்னும் கோபம் வந்தது. அன்றிலிருந்து அதன் பெயர் டச்சுக்காரன் என்று ஆகிவிட்டது. நான் மனதில் வேறு ஒரு பெயர் வைத்திருந்தேன். அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

டச்சுக்காரன் பகலில் சத்தமே காட்டாது. விளக்கை அணைத்ததும் தொடங்கும். குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை. மூக்கு வழியாக, மெல்லிய கம்பியை இழுப்பது போல ஓர் அழுகை. அத்தை சுவரில் கரண்டியால் தட்டுவார். "தாலாட்டு பாடேண்டி, தூங்கும்" என்பார். விடிவதற்கு வெகு முன்பே அவர் ஏலத்துக்குக் கிளம்ப வேண்டும். அவருக்குத் தூக்கம் தேவை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவர் அதை நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். கல்லறையிலிருந்து வந்த நாய் பிணத்தை நினைத்து அழுகிறது, படகு போகிற வீடுகளுக்கு ஆகாது என்றும் சேர்த்துச் சொன்னார். தெருவில் என்னிடம் சிரிப்பவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

பிறகு அவர் ஊர்க்கூட்டத்தில் பிராது கொடுத்தார்.

நம் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் வட்டத்துக்கு வெளியே நிற்பதுதான் வழக்கம். வீட்டு ஆண் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். அத்தைக்காக அவர் கொழுந்தனார் முனுசாமி உட்கார்ந்தார். எனக்காக என் நைனா. இருவருக்கும் நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"இன்னா பிராது?" என்றார் தலைவர்.

"அண்ணி சொல்லுது, நாயி ராவுல கொலைக்குதாம்" என்றார் முனுசாமி.

வெளியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "கொலைக்கலடா! கொலைச்சா பரவால்லியே! அழுவுது! மூக்கால அழுவுது, ஒழுங்கா சொல்லு!"

"மூக்கால அழுவுதாம்."

தலைவர் நைனா பக்கம் திரும்பினார். நைனாவுக்குக் கூட்டம் என்றாலே பயம். "நானும் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேங்க, அடங்க மாட்டேங்குது" என்றார்.

"நீ எங்க நைனா அடிச்ச? அதுக்கு வலைய மடிச்சு மெத்த போட்டுக் குடுத்தியே!"

சொன்னது நான்தான். கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஊர் முன்னால் நான் பேசிய முதல் வார்த்தை என் அப்பாவைப் பொய்யர் ஆக்கியது. அத்தை விடவில்லை.

"பாத்தீங்களா, பெத்த அப்பனயே பொய்யன்றா! ஏண்டி, நான் ராவோட ராவா ஏலத்துக்கு ஓடணும். நீ பவுடர் பூசிக்கினு வெயில் வந்தப்பறம் ரயிலு ஏறுறவ. உனக்கு இன்னாடி தெரியும் தூக்கத்தப் பத்தி?"

"புது எடம் அத்த. கொஞ்ச நாள்ல நிறுத்திடும்."

"எத்தினி நாளு? சொல்லு, எழுதி வெச்சிக்கிறேன்."

"உனக்குதான் எழுதத் தெரியாதே!" என்று யாரோ கத்தினார்கள்.

"அவ எழுதுவா! அதுக்குத்தானே படிச்சா!"

உட்கார்ந்திருந்த ஆண்களின் தலைக்கு மேலே நாங்கள் இருவரும் கத்திக்கொண்டோம். நைனாவும் முனுசாமியும் மாறி மாறி எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் தலைவர் கையை உயர்த்தினார். ஐப்பசி அமாவாசைக் கூட்டம் வரைக்கும் நாய் இருக்கலாம். அதற்குள் அழுகையை நிறுத்தாவிட்டால் படகில் ஏற்றி ஏரி நடுவில் இருக்கும் மேட்டில் விட்டுவிட வேண்டும். வேண்டாத நாய்களை அங்கே விடுவது உங்களுக்குத் தெரியும். மழை பெய்து தண்ணீர் ஏறிய பிறகு அந்த மேட்டில் நாயைப் பார்த்தவர் யாரும் இல்லை என்பதும் தெரியும்.

"அழுதுச்சா இல்லியான்னு யாரு சொல்றது?" என்று நைனா கேட்டார்.

"பாக்கியமே சொல்லட்டும். நடுவுல செவுரு ஒண்ணுதானே" என்றார் தலைவர்.

வழக்குப் போட்டவரே சாட்சி. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "நீ நல்லா பேசின. ஆனா நாயி போச்சு" என்றார்.

அம்மாவின் இறாலை அத்தை இனி வாங்கமாட்டார் என்றும் பயந்தோம். மறுநாள் எப்போதும் போலக் கூடையைக் கவிழ்த்தார். அம்மா தயங்கி நிற்பதைப் பார்த்து, "இன்னா முழிக்கற? நாயி வேற, எறா வேற" என்றார். பொடி இறாலை முன்பு ஒதுக்கிய அதே அளவுதான் ஒதுக்கினார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் நாயைக் கவனிக்கத் தொடங்கினேன். எனக்குப் பேசத்தான் வராது, பார்க்க வரும். வலைக் கொட்டகையில் நைனா போட்டுக் கொடுத்த வலை மெத்தை காலையில் கசங்காமல் அப்படியே இருந்தது. டச்சுக்காரன் அதைத் தொடாமல் ஈரத் தரையில் சுருண்டு கிடந்தது. இந்த ஊரில் ஆட்டுக்குட்டிக்கும் கோழிக்கும் பழைய வலைதான் படுக்கை. வேறு எதையும் நாங்கள் யோசித்ததே இல்லை. அதன் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். நைலான் இழை அறுத்த தழும்பு வளையம் போல இருந்தது. யாரோ வலையில் சுற்றிக் கொண்டுவந்துதான் அதைக் கல்லறையில் எறிந்திருக்க வேண்டும்.

வலையை எடுத்துவிட்டு, நான் நாள்கணக்கில் உடுத்தித் துவைக்காமல் வைத்திருந்த பருத்திப் புடவையை மடித்து என் பாய்க்குப் பக்கத்தில் போட்டேன். வீட்டுக்குள் நாயா என்று அம்மா சண்டை போட்டார். அமாவாசை வரைக்கும் என்று கெஞ்சினேன். முதலில் என் கை அதன் முதுகின் மேலேயே இருந்தது. கை இருந்தால் அழாது. கையை எடுத்தால் அழும். ஒவ்வொரு அழுகைக்கும் எழுந்து தடவிக் கொடுத்தேன். நான் எழுவதற்காகவே அது அழப் பழகுகிறது என்று பிறகு புரிந்தது. அதன் பின் வெளியே விட வேண்டியிருந்தால் மட்டும் எழுந்தேன். சாயங்காலம் இருட்டும்வரை கரையில் ஓடவிட்டேன். சோற்றை முன்னதாகவே போட்டு, படுக்கும் முன் ஒரு முறை வெளியே கூட்டிப்போனேன். புடவையை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடமிருந்து தள்ளி, கடைசியில் கதவோரம் கொண்டுபோனேன்.

இடையில் அத்தை சும்மா இருக்கவில்லை. அழுகை கேட்காத முதல் காலையில் வாசலுக்கு வந்து, "இன்னா, செத்துடுச்சா?" என்றார். மறுபடி அழுத காலையில், "நான்தான் சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். அந்த முகத்தில் இருந்த திருப்தியை நான் மறக்கவில்லை.

அமாவாசைக் கூட்டத்துக்கு முனுசாமி கையில் கயிற்றோடு வந்தார். படகு கரையில் தயாராக இருப்பதாகவும் சொன்னார். டச்சுக்காரனை நான் வட்டத்துக்கு வெளியே பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் கால் மேல் உட்கார்ந்திருந்தது. தலைவர், "பாக்கியம், நீயே உள்ள வந்து சொல்லு" என்றார்.

அத்தை வட்டத்துக்குள் போய் நின்றார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

"மொதல்ல அழுதுச்சு. அப்பறம் கொறஞ்சுது. இப்ப அழுவறதில்ல."

முனுசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா அண்ணி? அழுவுதுன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுதே!"

"நீ வந்து ராவெல்லாம் கேட்டியாடா? கேட்டவ நான்."

"அப்ப பிராது?" என்றார் தலைவர்.

"பிராது இல்ல. ஆனா அந்த நாய எனக்குப் புடிக்கல. அவளயும் புடிக்கல. அதயும் கேட்டுக்கோங்க."

அன்று மாலை நன்றி சொல்ல அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். "உனக்காவ ஒண்ணும் சொல்லல. போ போ, எறா காயுது, நாய் மயிரு ஒட்டிக்கினு வராத" என்று கதவைச் சாத்தினார்.

இங்கே நிறுத்தினால் இது நல்ல கதையாக முடியும். ஆனால் அடுத்த தை மாதத்தில் திருப்பாலைவனத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. வந்தவர்கள் போகும் வழியில் அத்தையிடம் விசாரித்தார்கள். "நல்ல பொண்ணுதான். மனுசங்களாண்ட பேசாது, நாயாண்ட பேசும். அடுப்பாண்ட போவாது" என்றார் அத்தை. அவர்கள் திரும்பி வரவில்லை. அம்மா அழுதார். நான் வேலி ஓரம் நின்று, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "இல்லாததயா சொன்னேன்? கேட்டாங்க, சொன்னேன்" என்றார். எனக்கு இன்றும் சமைக்கத் தெரியாது. அமாவாசைக் கூட்டத்துக்காக நான் இதை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை.

கடைசியாக அத்தை படுத்த படுக்கையாய் இருந்தபோது அம்மாவோடு போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நாயி இன்னும் கீதா?" என்றார்.

"இருக்குது அத்த."

"எனுக்கு முன்ன பூடும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

போன மாதம் என் அலுவலகத்தில் ஒருவர் மேல் பணம் எடுத்ததாகப் புகார் வந்தது. என்னைப் பலர் முன் மட்டம் தட்டுகிறவர் அவர். பணம் காணாமல் போன அன்று காலையில் அவர் பணப்பெட்டியைத் திறந்ததைப் பார்த்தாயா என்று மேலாளர் என்னைக் கேட்டார். தலையை ஆட்டியிருந்தால் போதும், அவர் வேலை போயிருக்கும். ஆட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு, "அவர் அன்னிக்கு என் எதிர்லதான் உட்கார்ந்திருந்தார் சார். எழுந்திருக்கவே இல்லை" என்றேன். சத்தமாகவே சொன்னேன். வெளியே வந்ததும் அவர் எனக்கு நன்றி சொல்ல வந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்காது என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

பாக்கியம் அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.