ஈசான மூலையில் இருந்தவள்

டென்மார்க்கில் சொந்தக் காணியில் வீடு கட்டுவதற்கு உயிரோடு இருப்பவர்களின் சம்மதம் மட்டும் போதாது. கொம்யூன் என்ற உள்ளூராட்சி அலுவலகம் எங்கள் வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டிய பிறகு, மண்ணுக்கு அடியில் பழைய ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று மியூசியம் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. பிராண்டே ஊரின் ஓரத்தில் நாங்கள் வாங்கிய காணி அதுவரை பார்லி வயலாக இருந்தது. அந்த மணலில் பார்லியே வேண்டாவெறுப்பாகத்தான் முளைக்கும். இதற்குள் யார் வந்து எதைப் புதைத்திருக்கப் போகிறார்கள் என்று சிரித்துவிட்டு, கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தேன்.

கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. மியூசியம் பார்த்து முடிக்கும்வரை காணியில் எதுவும் தோண்டக் கூடாது. அதை நான் வாசித்தேன். வாசிக்கவில்லை என்று இன்றைக்கும் பொய் சொல்லமாட்டேன்.

சிக்கல் என்னவென்றால், மியூசியத்துக்கு முப்பத்துமூன்றாம் கிழமைதான் நேரம் கிடைத்தது. இந்த நாட்டில் ஒருவரும் தேதி சொல்வதில்லை, எல்லாவற்றுக்கும் அது வருடத்தின் எத்தனையாவது வாரம் என்ற கிழமை இலக்கம்தான். முப்பத்துமூன்று என்றால் ஆகஸ்ட் நடுப்பகுதி. எங்கள் ஐயரிடம் இந்த இலக்கம் செல்லாது. ஆனியில் ஒரு நல்ல நாள் இருக்கிறது, அதை விட்டால் என் மனைவியின் நட்சத்திரத்துக்குத் தையில்தான் பொருந்தி வரும் என்றார். தை மாதம் இங்கே நிலம் உறைந்து கிடக்கும். அப்போது அத்திவாரக் குழி வெட்ட மண்வெட்டி போதாது, வெடிமருந்துதான் வேண்டும்.

என் மனைவி இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மற்ற விஷயங்களில் என்னைவிடப் பத்து மடங்கு நிதானம். ஆனால் வீட்டு விஷயத்தில் அவளோடு கதைக்க முடியாது. பதினைந்து வயதிலிருந்து அவள் இருந்த வீடுகள் எல்லாம் மற்றவர்களின் வீடுகள். முதன்முதலாக எங்களுக்கென்று மண்ணிலிருந்து எழும்பப் போகிற வீடு இது. அதற்குச் செய்ய வேண்டிய சாங்கியத்தில் ஒன்றும் குறையக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள்.

ஆகவே ஆனி மாதத்து ஒரு காலையில், ஆறு மணிக்கு, ஐயரும் நாங்களும் வயலில் நின்றோம். வடகிழக்கில், ஈசான மூலையில், முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டச் சொன்னார். வீடு கட்டுகிறவர்களின் இயந்திரம் பின்னர் வந்து வழித்துவிடுமோ என்ற பயத்தில் நான் தொடையளவு வெட்டினேன். ஓரளவுக்குக் கீழே மண் இளகி இருந்தது, மண்வெட்டி தானாகவே இறங்கியது.

“மண் விட்டுக் குடுக்குது. நல்ல சகுனம்” என்றார் ஐயர்.

சின்னச் செம்பு ஒன்றில் நவதானியம், நவரத்தினம், மஞ்சள், நடுவில் ஓட்டை உள்ள குரோனர் நாணயம் எல்லாம் போட்டு இறக்கினோம். குழியை மூடும்போது ஐயர் ஒன்று சொன்னார். வைத்ததை ஒருவரும் கிளறக் கூடாது, கிளறினால் அந்த வீட்டில் நிலைத்திருக்க முடியாது. அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நான் கார் வரை போவதற்குள் மறந்துவிட்டேன். என் மனைவி இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முப்பத்துமூன்றாம் கிழமை, சொன்னபடியே, மண் வழிக்கும் ஒரு பெக்கோ இயந்திரமும் அதன் பின்னால் ஒரு தொல்லியலாளரும் வந்தார்கள். அறுபது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. முழங்காலில் தடிப்பான பட்டி, பின் பொக்கெற்றில் மண் சுரண்டும் சின்னக் கரண்டி, கையில் எந்நேரமும் ஒரு கோப்பிப் போத்தல். காணியில் யாராவது முன்னரே தோண்டியிருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் செய்தது பூசை. பூசையைத் தோண்டுவது என்று யாராவது சொல்வார்களா? இரண்டு மாதத்தில் அந்த இடத்தில் புல்லும் வளர்ந்துவிட்டிருந்தது.

காற்றாலைத் தொழிற்சாலையில் என் வேலை மூன்று மணிக்கு முடியும். முடிந்ததும் நேரே காணிக்குப் போய்விடுவேன். பெக்கோ மேல்மண்ணை நீள நீளமாக வழித்துப் போட, அடியில் மஞ்சள் மணல் தெரியும். அந்த அம்மா அதில் தண்ணீர் தெளித்துவிட்டு, “பார், எவ்வளவு அழகு” என்பார். எனக்கு அங்கங்கே கறுப்பு வட்டமாக அழுக்குத்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் திடீரென்று கண் திறந்தது. அந்தக் கறுப்பு வட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு மரத்தூண் நின்ற குழி. தூண் உக்கிப் போய், அதன் நிறம் மட்டும் மண்ணில் மிஞ்சியிருக்கிறது. இரண்டு வரிசையாக அவை ஓட, ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நீண்ட வீடு என் காலடியில் படுத்திருந்தது. மேற்குப் பாதியில் மனிதர், கிழக்குப் பாதியில் மாடுகள், ஒரே கூரை. நான் உடனே மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“இஞ்சேரும், உம்மடை குசினி வாற இடத்திலை மாடு கட்டியிருந்திருக்கினம்.”

“மாடு லட்சுமிதானே. நிண்டிட்டுப் போகட்டும்” என்றாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான் நிலைத்தது. நான்காம் நாள் நான் போனபோது அந்த அம்மா ஈசான மூலையில் முழந்தாளிட்டிருந்தார். மஞ்சள் மணலில் ஆள் நீளத்துக்கு ஒரு கறுப்புச் செவ்வகம். அது ஒரு சவக்குழி. அதன் ஒரு முனையை வெட்டிக்கொண்டு, கண்ணுக்குத் துலக்கமாக, புதிய சதுரக் குழி ஒன்று இறங்கியிருந்தது. உலோகம் கண்டுபிடிக்கும் கருவி அதற்கு மேலே விடாமல் அலறியது.

“யாரோ முந்திவிட்டார்கள். புதையல் திருடர். இதைப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்” என்றார் அந்த அம்மா.

கிளறுண்ட மண்ணிலிருந்து அவர் கரண்டி நுனியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு வெள்ளி ஊசி. இரண்டு அம்பர் மணிகள். ஒரு நீலக் கண்ணாடி மணி. தெற்கே வெகுதொலைவிலிருந்து வந்த கண்ணாடி, சாதாரண வீட்டுப் பெண் ஒருத்திக்கு இது கிடைத்திருக்காது, அந்தப் பெரிய வீட்டின் தலைவியாகத்தான் இருக்க வேண்டும் என்றார். கடைசியாக ஒரு பல்லின் வெள்ளை ஓடு. இந்த மணலில் எலும்பு கரைந்துவிடும், பல்லின் மேற்பூச்சு மட்டும் தப்பும். அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தேய்மானமே இல்லை. இருபது, இருபத்தொரு வயதுதான் இருக்கும்” என்றார்.

நான் காரை நோக்கி நடந்தேன். உண்மையைச் சொன்னால், தப்பி ஓடினேன். அந்நேரம் பார்த்து என் மனைவியும் மகளும் பொரித்த ரோல்சும் தேநீரும் கொண்டு வந்து இறங்கினார்கள். நடந்ததை மனைவியிடம் சொன்னேன். திருட்டுப் பட்டமோ பொலிசோ அவளுடைய கவலையில்லை.

“செம்பை எடுக்கப் போயினமே?” என்றுதான் கேட்டாள்.

மகள் ஓர்ஹூஸ் நகரத்தில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் வழக்கம்போல டேனிஷில், “இப்போதே போய்ச் சொல்லுங்கள் அப்பா. இல்லையென்றால் நான் போய்ச் சொல்லுவேன்” என்றாள். பெற்ற தகப்பன் என்ற இரக்கம் துளியும் இல்லை.

போய்ச் சொன்னேன். இருபத்தைந்து வருடமாகப் பேசுகிற டேனிஷ் அன்று என்னைக் கைவிட்டுவிட்டது. திருடர் இல்லை, நான்தான், எடுக்க வரவில்லை, வைக்க வந்தேன் என்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்கு விளங்கியது. முதலில் கோபம் வந்தது. பொய் சொன்னாய் என்றார், ஒப்புக்கொண்டேன். பிறகு பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

“என்னென்ன வைத்தாய்?”

சொன்னேன். எங்கள் குழியை அளந்து, படம் வரைந்து, அதற்கும் ஓர் இலக்கம் போட்டார். இனி டென்மார்க் உள்ளவரை எங்கள் பூசை அந்த மியூசியத்தின் பதிவில் இருக்கும்.

“ஏன் ஒன்பது தானியம்?”

“தெரியாது. ஐயரைக் கேட்க வேண்டும்.”

அவர் பேனாவை மூடினார். “முப்பது வருடமாகக் குழி தோண்டுகிறேன். வைத்தவனிடமே ஏன் வைத்தாய் என்று கேட்க எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. கிடைத்த ஒரே ஆளுக்கும் தெரியாதாம்” என்றார். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். ஒரு ரோல்சும் எடுத்துக்கொண்டார்.

சிரிக்காமல் நின்றது என் மனைவி மட்டும்தான். இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். சவக்குழி முழுவதையும் திறப்போம் என்றார் அந்த அம்மா. மணிகள் கிடக்கும் பகுதியை மண்ணோடு கட்டியாக வெட்டி எடுத்து மியூசியத்துக்குக் கொண்டுபோவோம். செம்பையும் எடுத்தாக வேண்டும், அதைக் கட்டாயம் திருப்பித் தருவோம். பிறகு வீட்டைத் தாராளமாகக் கட்டலாம், ஒரு தடையும் இல்லை. இதைச் சொல்லும்போது அவருடைய கண் மின்னியது. இப்படி ஒரு குழி தன் வேலை நாளில் இன்னொன்று வராது என்று அவருக்குத் தெரியும்.

என் மனைவி செம்பைப் பற்றிச் சண்டை பிடிக்கப் போகிறாள் என்று நான் ஆயத்தமாக நின்றேன். அவள் செம்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

“இந்தப் பெண்ணை எங்கே வைப்பீர்கள்?” என்று டேனிஷில் கேட்டாள்.

“பெட்டிகளில். களஞ்சியத்தில்.”

“இவளுடைய வீடு எது?”

அந்த அம்மா தூண் குழிகளின் வரிசையைக் காட்டினார். சவக்குழியிலிருந்து நாற்பது அடி கூட இருக்காது. என் மனைவி அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, இவளை எழுப்பாமல் விட ஒரு வழியும் இல்லையா என்று கேட்டாள்.

அந்த அம்மாவுக்கு ஒரு வழி தெரியும். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் நேர்மையான மனுஷி. “சட்டப்படி, கட்டடம் தொடுவதை மட்டும்தான் நாங்கள் தோண்டுகிறோம். நீங்கள் வீட்டைத் தெற்கே பத்து மீற்றர் தள்ளினால், மூடிவிட்டுப் போய்விடுவோம். வெளியே வந்துவிட்ட ஊசியும் மணிகளும் பல்லும் மட்டும் எங்களோடு வரும்” என்றார்.

எனக்கு விசர் வந்தது. அத்தனை பேர் முன்னால் மனைவி மேல் பாய்ந்தேன். “உமக்கென்ன விசரே? வரைபடம் திரும்பக் கீறோணும், கொம்யூனுக்குத் திரும்ப அனுப்போணும். அடுத்த வருசமும் வாடகை வீட்டிலைதான் கிடப்பம். செம்பை ஒரு விரல் தள்ளக் கூடாது எண்டனீர், இப்ப வீட்டையே தள்ளச் சொல்லுறீர். ஆரோ ஒருத்தி, எந்தக் காலத்திலையோ செத்துப் போனவள்!”

அவள் என்னைவிட மெதுவாகக் கதைத்தாள். நான் பிறகு அதை நினைக்காத நாளில்லை.

“ஊரிலை சண்டைக்குள்ளை எங்களை எத்தினை வீட்டிலையிருந்து எழுப்பினவை எண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டிலை உலையிலை சோறு கொதிச்சுக் கொண்டிருந்தது. எழும்பு, எழும்பு, எங்களுக்கு இந்த இடம் வேணும் எண்டவை. ஒவ்வொரு தரமும் அவையளுக்கு ஒரு காரணம் இருந்தது, ஒரு கடதாசி இருந்தது. இண்டைக்கு எங்களிட்டைக் கடதாசி இருக்கு. அதுக்காக நானும் ஒருத்தியை எழுப்பி அனுப்போணுமே?”

மகள், எங்களோடு டேனிஷில் மட்டுமே பேசுகிற மகள், “வேண்டாம் அம்மா” என்றாள் தமிழில்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, உன் மனைவி என்ன சொன்னாள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். நேரமெடுத்தது. வெட்கமாக இருந்தது. கடைசியில், வீட்டைத் தெற்கே தள்ளுகிறோம் என்றும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார், எதையும் எழுதாமலே மூடினார். தன் வாழ்நாளின் குழியை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, பெக்கோக்காரருக்குக் கை காட்டினார்.

முதல் மண்ணை இயந்திரத்தால் போட வேண்டாம், பாரம் தாங்காது என்று சொல்லி, மண்வெட்டியை என்னிடம் தந்தார். போட்டேன். செம்பு அவளுக்குப் பக்கத்திலேயே கிடந்தது, அதை எடுக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. பாதி மூடியபோது என் மனைவி குனிந்து இரண்டு கையாலும் மண் அள்ளிப் போட்டாள். எங்கள் மகள் காய்ச்சலில் படுத்தால் கதைக்கிற அதே குரலில், குழியைப் பார்த்துச் சொன்னாள்:

“நீ படு பிள்ளை. உன்னை ஒருத்தரும் எழுப்பமாட்டினம்.”