சாயா பூசாத எறிகோல்

மட்டாஞ்சேரியில் பழம்பொருள் கடைக்குப் பின்னால் உள்ள பட்டறையில், தச்சுவேலை செய்யும் செல்வி ஒரு முழ நீளமுள்ள கோலைச் செதுக்கி முடிக்கிறாள். ஆதி வேட்டைக்காரர்களின் எறிகோல் அது. நுனிக் கொக்கியில் ஈட்டியின் அடியைப் பொருத்தி வீசினால், வெறுங்கையால் எறிவதைவிட வெகுதூரம் போகும். கொக்கியை அவள் ஒட்டவில்லை. அதே மரத்திலேயே செதுக்கியிருக்கிறாள்.

கடைக்காரர் பால் சேர்க்காத கட்டன்சாயா டம்ளரோடு வருகிறார். “இந்தச் சாயாவைக் கொறச்சு கோல்ல தேச்சா போதும், பழைய சாதனம் ஆகும்.”

“வேண்டாம் சேட்டா. நான் செஞ்சதுன்னு சொல்லியே வில்லுங்க.”

“புதுசை யாரு வாங்குவா?”

“இது நிஜமாவே பறக்குமா?” என்று, பழம்பொருள் வாங்க வந்த நான் செல்வியிடம் கேட்கிறேன்.

“தள்ளி நில்லுங்க சார்.”

அவள் முற்றத்தில் இறங்கி, கொக்கியில் ஒரு ஈட்டியைப் பொருத்தி வீசுகிறாள். அது முற்றத்தைத் தாண்டிப் பாய்ந்து, மறுகோடியில் கிடக்கும் மரத்தூள் மூட்டையில் குத்தி நின்று அதிர்கிறது. செல்வி கோலைக் கடைக்காரரிடம் நீட்டுகிறாள்.

அவர் சாயாவைத் தானே குடிக்கிறார்.