எம், கே, அரைப்புள்ளி

மகளுக்கு முதல் வலிப்பு காலைச் சாப்பாட்டு மேசையில் வந்தது. யாழ்ப்பாணத்தில் கணினி படிப்பவள், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பிறகு இன்னும் இரண்டு தரம் வந்தது. ஒவ்வொன்றையும் எழுதி வரச் சொன்னார் டாக்குத்தர். எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தக் கை முதலில் இழுத்தது, பேச்சு எப்போது திரும்பியது. அதைப் பார்த்துத்தான் அவளை மறுபடி விடுதிக்கு விடலாமா என்று சொல்வாராம்.

பேனையில் எழுத வரவில்லை. கந்தோர் வேலையில் இருபது வருடம் தட்டெழுதியதாலோ என்னவோ, விசைகளில்தான் வந்தது.

மகள் தன் மடிக்கணினியில் தான் நிரல் எழுதும் செயலியைத் திறந்து தந்தாள். கறுப்புத் திரை. 'வ' என்று தொடங்கியதும், நான் மேல் வரிகளில் எழுதியவற்றிலிருந்து 'வலது', 'வலிப்பு' என்று எடுத்து நீட்டியது. பார்க்கப் பிடிக்காமல் மூடிவிட்டேன். வேறொன்று ஒவ்வொரு தமிழ்ச் சொல்லின் கீழும் சிவப்புக் கோடு போட்டது. கடைசியில் எங்கள் பழைய கணினியில், எதுவுமே சொல்லாத வெறும் குறிப்பேட்டில், ஆங்கில எழுத்துகளையே தமிழாகக் காட்டும், எனக்குப் பழகிய பாமினி எழுத்துருவில் எழுதினேன்.

கிளினிக்குக்குப் போவதற்கு முந்தின நாள் மகள் அந்தக் கோப்பைத் தன் கணினியில் திறந்தாள். அதில் பாமினி இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

"இதென்னம்மா, செய்வினையே?"

"எனக்கு விளங்கும்."

"சும்மா கதை விடாதேங்கோ. எங்க, வாசியுங்கோ பாப்பம்."

எந்த விசையில் எந்த எழுத்து என்று விரலுக்குத் தெரியும். வாசித்தேன். கண் மேலே செருகியது, வாயில் நுரை, உடுப்பு நனைந்தது. இதையெல்லாம் அவளுக்கு நான் சொன்னதே இல்லை என்பது இரண்டாவதையும் வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் சிரிக்கவில்லை. திரையில் விரலை வைத்தாள்.

"ரெண்டு முடிவிலயும் இது ஒரே மாதிரிக் கிடக்கு. எம், கே, அரைப்புள்ளி, கே, எச்."

"அம்மா. நினைவு வந்ததும் நீ முதல் சொன்ன சொல்."

"மூண்டாவதில இல்லையே?"

நான் கோப்பை மூடப் போனேன்.

"நான் என்ன சொன்னனான்?"

"'நீங்கள் ஆர்' எண்டு கேட்டனீ. கொஞ்ச நேரம் என்னைத் தெரியேல்லை."

"ஏன் எழுதேல்லை?"

"எழுதினா உன்னை விடமாட்டினம், பிள்ளை. உனக்குப் போக விருப்பமெல்லே."

அவள் தன் செயலியைத் திறந்து, சொல் எடுத்து நீட்டுகிற வேலையை நிறுத்தினாள். விசைகளையும் எனக்குப் பழகிய வரிசைக்கு மாற்றினாள். கணினியை என் பக்கம் தள்ளினாள்.

"இனி ஒண்டும் குறுக்க வராது. எழுதுங்கோ."

எழுதினேன். மறுநாள் டாக்குத்தர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். இந்தப் படிப்புத் தவணைக்கு அவள் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

டாக்குத்தருக்கான குறிப்புகளை இப்போதும் அதே செயலியில்தான் எழுதுகிறேன். கறுப்புத் திரை பழகிவிட்டது. நான் தட்டும்போது அவள் பக்கத்துக் கதிரையில் அமர்ந்திருக்கிறாள்.