செவ்வாய்க்கிழமை மேசையில் க்ளோவிஸ்

ஓடில் கோமோவும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நோவா ஸ்கோஷியாவில், எங்கள் கடற்கரை ஊரின் சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ், முன்மேசையில் நான். கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுகிற பேர்வழி அவள்.

ஒரு தடவை சர்க்கரை நோயாளி ஒருத்தி என்னிடம் வந்து அழுதாள். டாக்டர் செலஸ்த் தினமும் நடக்கச் சொன்னாராம். பிசியோதெரபிஸ்ட் அர்மான் காலை அசைக்கவே கூடாது என்றாராம். "நான் நடக்கவா, உக்காரவா?" ஓடில் அன்றே எல்லாரையும் நிலையத்தின் சமையலறைக்கு ஓட்டி வந்தாள்.

"இனிமே செவ்வாக்கிழமை மதியம் எல்லாரும் இந்த மேசையிலதான் சாப்பிடணும். வராதவங்க வீட்டுக்கு நான் வருவேன்."

அந்த மிரட்டலுக்குப் பயந்தே யாரும் தவறுவதில்லை.

ஓடிலின் பெரிய பெருமை க்ளோவிஸ். சிங்கி இறால் பிடிக்கிற கிழவர்; நாற்பத்தைந்து வருடம் புகைத்தவரை நிறுத்த வைத்திருந்தாள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவருடைய ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. ஒரு செவ்வாயன்று பேச்சு அவரைப் பற்றித் திரும்பியது.

"மாத்திரையைக் கூட்டிட்டேன், இறங்கவே மாட்டேங்குது. ஒழுங்கா சாப்பிடறாரான்னே சந்தேகமா இருக்கு" என்றார் டாக்டர்.

"தேதி தவறாம வாங்கிட்டுப் போறாரே!" என்றான் மருந்தாளுநர் ரெமி.

அர்மான் கரண்டியைக் கீழே வைத்தார். "கால்ல பலமே இல்ல. வயசுன்னு நினைச்சேன். ஆனா போன வருஷம் தனியா இறால் கூண்டு தூக்கின மனுஷன்."

"ரத்தத்துல பொட்டாசியமும் குறைவு. என் மாத்திரையாலன்னு நினைச்சேன்" என்றார் டாக்டர்.

ஓடில் எழுந்துவிட்டாள். "ரெமி, கோட்டை மாட்டு. வீட்டுல போய்ப் பாப்போம்."

அவள் கார் பனியில் புதைந்திருந்ததால் என் வண்டியில் போனோம். க்ளோவிஸ் நாற்காலியில் சாய்ந்து கறுப்பு மிட்டாய் மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று காலிப் பைகள்.

"என்ன பெருசு இது?" என்றாள் ஓடில்.

"நீதானே சொன்ன, சிகரெட் ஞாபகம் வந்தா வாயில எதையாவது போட்டுக்கோன்னு? தினம் ஒரு பை போட்டுக்கறேன்."

ரெமி பையைத் திருப்பிப் படித்தான். "அசல் அதிமதுரம்! இதை இவ்வளவு தின்னா அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், காலு தொய்ஞ்சு போகும்."

ஓடில் காலிப் பைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அப்ப இவரைக் கெடுத்தது நான்தானா?"

"அதுக்கென்ன, சிகரெட்டைத் திருப்பிக் குடுத்துடு. சரியாப் போச்சு" என்றார் க்ளோவிஸ்.

"உதை வாங்குவ!" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டோம். அன்றே மறுபடி ரத்தப் பரிசோதனை. மிட்டாய் நின்றது, மாத்திரைகள் மாறின. பொட்டாசியம் அளவு சரியாகும்வரை அர்மான் பயிற்சியை நிறுத்தி வைத்தார். அடுத்த செவ்வாயன்று ஓடில் தன் தவறை முதல் ஆளாகச் சொன்னாள். "நானும் என்ன சாப்பிடறீங்கன்னு கேக்கலையே" என்றார் டாக்டர். அர்மானும் தலையாட்டினார்.

ஆறு வாரத்தில் அழுத்தம் இறங்கியது. மே மாதம் இறால் பருவம் முடியுமுன் கடைசி மூன்று வாரம் க்ளோவிஸ் படகில் இருந்தார்.

கரைக்கு வந்ததும் நேரே எங்களிடம் வந்தார். "என் வயித்தைப் பத்தி, காலைப் பத்தி எல்லாம் பேசறீங்க. என்னைக் கூப்பிட வேண்டாமா?"

ஓடிலுக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போதெல்லாம் நோயாளிக்கும் அந்த மேசையில் ஒரு நாற்காலி உண்டு. முதலில் உட்கார்ந்தவர் க்ளோவிஸ்தான். இரண்டு தட்டு காலி செய்து, ஒன்றரை மணி நேரம் பேசினார். வெளியே காத்திருந்தவர்களிடம் திட்டு வாங்கியது நான்.